நுண்ணுயிர் மின்கலம்: செயல்முறையும் தமிழ்ப் பெயர்களும்

2019ஆம் ஆண்டு இலண்டன் விலங்கியற் பூங்காவின் மழைக்காட்டுக் கூடத்தில் ஒரு பன்னச்செடி (பெரணி) தன்னைத் தானே ஒளிப்படம் எடுத்துக்கொண்டது. பூங்காவினர் அதற்குப் பீற் எனப் பெயரிட்டிருந்தனர். ஏறத்தாழ இருபது வினாடிக்கு ஒரு படமாக ஒளிப்படக் கருவியை இயக்கிய மின்சாரம் சுவரிலிருந்தோ சூரியத் தகட்டிலிருந்தோ வரவில்லை. செடியின் வேரைச் சூழ்ந்த மண்ணில் வாழும் பற்றீரியாக்களிடமிருந்து வந்தது. அடர்காட்டின் தரையில் வெயில் விழாது. தீர்ந்த மின்கலங்களை மாற்ற ஆள் செல்வதும் அரிது. அத்தகைய இடங்களில் உயிரினங்களைக் கண்காணிக்கும் கருவிகளுக்கு இம்முறை பயன்படுமா என்று அறிவதே அச்சோதனையின் நோக்கம். இதனைச் செடி தரும் மின்சாரம் என்று சொல்வது பாதி உண்மை. செடி சமைக்கிறது, உண்பதும் மின்சாரம் தருவதும் பற்றீரியாக்களே.

அவை அதனை எவ்வாறு தருகின்றன என்பதையும், அதைத் தமிழில் விளக்கப் புகுவோரை இரண்டு கலைச்சொற்கள் எவ்வாறு வழிதவறச் செய்கின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. யான் இலங்கையில் பயின்ற வழக்கின்படி இலத்திரன், ஒட்சிசன், பற்றீரியா என்றே எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர் இவற்றை எலக்ட்ரான், ஆக்சிசன், பாக்டீரியா எனக் கொள்க.

நாம் உண்ணும் உணவிலிருந்து நம் உயிரணுக்கள் இலத்திரன்களைப் பிரித்தெடுத்து, படிப்படியாகக் கைமாற்றி, இறுதியில் மூச்சில் வந்த ஒட்சிசனிடம் ஒப்படைக்கின்றன. அந்தக் கைமாற்றத்தில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டே உயிர் வாழ்கிறோம். ஆற்றுச் சேற்றின் அடியில் ஒட்சிசன் இல்லை. அங்கு வாழும் பற்றீரியாக்கள் இலத்திரனைப் பெற்றுக்கொள்ள வேறொருவரைத் தேட வேண்டும். சில வகைகள் இரும்புத் துருவைத் தேர்ந்துகொண்டன. துரு திண்மம், உயிரணுவுக்குள் நுழையாது. ஆகவே அவை இலத்திரனைத் தம் உடலுக்கு வெளியே கொண்டுசென்று கொடுக்கும் திறனை வளர்த்துக்கொண்டன. துருவுக்குப் பதிலாக ஒரு கரித்துண்டை வைத்தால் அதனிடமும் கொடுக்கின்றன. அக்கரித்துண்டிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டு, காற்றுப்படும் இடத்திலுள்ள மற்றொரு கரித்துண்டை அடைகிறது. இலத்திரன்கள் கம்பி வழியே செல்ல, உடன் பிரிந்த ஐதரசன் அயன்கள் இடையிலுள்ள சவ்வின் ஊடாகச் சென்று, மறுபுறத்தில் ஒட்சிசனோடு சேர்ந்து நீராகின்றன. கம்பியில் ஓடுவதே நாம் பெறும் மின்சாரம். பற்றீரியாவின் மூச்சை இரண்டாக வெட்டி நடுவில் ஒரு கம்பியைச் செருகியிருக்கிறோம் என்று சொன்னால் தவறாகாது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. டர்ஹம் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் எம். சி. பொற்றர் 1911இல் இலண்டன் அரச கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் இதனை வெளியிட்டார். மதுவத்தையும் (ஈஸ்ட்) குடற் பற்றீரியாவையும் பிளாட்டின மின்வாய்களோடு வைத்து, அரை வோல்ட் வரை அளந்தார். 1931இல் அமெரிக்காவில் பார்னெற் கோகென் பல கலங்களைத் தொடராக இணைத்து 35 வோல்ட்டுக்கு மேல் எட்டினார். ஆனால் ஓட்டமோ 2 மில்லி அம்பியர். பெருக்கிப் பார்த்தால் 0.07 வாட்; இன்றைய எட்டு வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றுக்கு வேண்டியதில் நூறில் ஒரு பங்கும் இல்லை. 1980களில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பீற்றர் பெனெற்றோவும் உடன் ஆய்ந்தோரும் தயோனின் முதலிய சாயங்களைத் தூதுவராக்கினர். சாயம் உயிரணுவுக்குள் புகுந்து இலத்திரனை வாங்கி வந்து மின்வாயில் சேர்க்கும். கலம் நன்கு இயங்கியது. ஆயினும் சாயத்தை மீண்டும் மீண்டும் சேர்க்க வேண்டும், சில சாயங்கள் நச்சுத்தன்மை உடையவை. தூதரே வேண்டாம், சில பற்றீரியாக்கள் நேரடியாகவே கொடுக்கும் என்று 1999இல் கொரியாவில் கிம் பியுங் ஹொங் குழுவினர் செவனெல்லா என்னும் இனத்தைக் கொண்டு காட்டிய பின்னரே இத்துறை விரைந்து வளர்ந்தது. வாசிங்டனருகே பொற்றோமாக் ஆற்றுச் சேற்றில் 1987இல் டெரெக் லவ்லி பிரித்தெடுத்த ஜியோபாக்டர் இனம் இதில் இன்னும் வல்லது. அது இலத்திரனைக் கடத்தும் நுண்கம்பிகள் ஒருவகைப் புரத மயிர்கள் என்று 2005இல் அறிவிக்கப்பட்டது. இரும்பைத் தாங்கிய வேறு புரதங்களின் அடுக்கே அக்கம்பி என 2019இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின, வாதம் ஓயவில்லை.

இம்மின்சாரம் நம் வீடுகளுக்கு வருமா என்று எங்கு பேசினாலும் கேட்கிறார்கள். வராது என்பதே என் விடை. ஒரு கலத்தின் கோட்பாட்டு அழுத்தமே ஏறத்தாழ 1.1 வோல்ட்தான், வேலை செய்கையில் அதிற் பாதியும் கிடைப்பது அரிது. கலத்தைப் பெரிதாக்கினால் ஆற்றல் அதே அளவில் பெருகுவதில்லை. தொடராக இணைத்தால், உணவு குறைந்த ஒரு கலம் எதிர்த்திசையில் திரும்பி ஏனையவற்றின் உழைப்பையும் கெடுக்கும். இதன் பெறுமதி கழிவுநீரில் உள்ளது. வழமையான சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றூட்டலே மின்சாரத்தின் பெரும்பங்கை விழுங்குகிறது. இங்கு அச்செலவைத் தவிர்த்து, சிறிதளவு மின்சாரத்தைத் திரும்பவும் பெறலாம். பிரிஸ்டலில் உள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் யொவானிஸ் இயெரோபூலஸ் குழுவினர் 2015இல் ஒக்ஸ்பாம் நிறுவனத்தோடு அமைத்த சிறுநீர் கழிப்பிடம், அங்கு சேரும் சிறுநீரைக் கொண்டே தன் விளக்குகளை ஏற்றியது. ஏதிலியர் முகாம்களில் இரவில் கழிப்பிடம் செல்லும் பெண்களுக்கு அவ்விளக்கு என்ன பொருள் தரும் என்பதை முகாமில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கங்ரேகர் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டது அரிசி ஆலைக் கழிவுநீர். நெல் ஊறவைத்த நீரின் நாற்றம் அறிந்தவர் இங்குப் பலர் இருப்பர். விலையுயர்ந்த சவ்வுக்குப் பதிலாகச் சாதாரண மண்பானையின் சுவரையே அவர்கள் பயன்படுத்தினர். பானைக் கலமே கூடிய ஆற்றல் தந்தது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். எரிபொருட்கலம் என்ற வழக்கில் உள்ள முதற்பகுதியே இடறுகிறது. இக்கலத்தில் எதுவும் எரிவதில்லை. எரியாமலே ஆற்றலைப் பெறுவதுதான் இதன் சிறப்பு. நுண்ணுயிர் மின்கலம் என்பது போதும். இரண்டாவது சொல்லின் கேடு பெரிது. அதை என் சொந்தத் தவற்றிலேயே கற்றேன். இலண்டனில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் மாணவருக்காக மதுவக் கலம் ஒன்றை அமைத்தேன். தூய தமிழில் இருக்கட்டும் என்ற ஆசையில், சிறுவயதிற் கற்ற அனோட்டு, கதோட்டு ஆகியவற்றை விடுத்து, தமிழ்நாட்டில் வழங்கும் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்னும் சொற்களைச் சுட்டிகளில் எழுதி ஒட்டினேன். மாணவி ஒருத்தி மீற்றரின் சிவப்பு வடத்தை நேர்மின்வாயில் முறையாகவே இணைத்தாள். எண் கழித்தற் குறியோடு தோன்றியது. "சேர், பிழை மீற்றரிலையா, பேரிலையா?" என்று கேட்டாள்.

பிழை பேரில்தான். மின்பகுப்பில், வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தும்போது, அனோட்டு நேர்முனை ஆகும். தானே மின்சாரம் தரும் கலத்திலோ அனோட்டுத்தான் எதிர்முனை. இலத்திரன் அங்கிருந்தே புறப்படுகிறது. மின்பகுப்பை மட்டும் மனத்திற்கொண்டு பெயர்த்த சொல், மின்கலத்தில் தலைகீழான பொருளைத் தருகிறது. மூலச் சொல்லில் இச்சிக்கல் இல்லை. 1834இல் இதே இலண்டன் நகரில், அரச நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலிருந்து மைக்கேல் பரடே கேம்பிரிச்சின் வில்லியம் ஹியூவெலுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுப் பெற்ற கிரேக்கச் சொற்கள் அவை. ஒன்று ஏறுவழி, மற்றது இறங்குவழி. ஞாயிறு எழும் திசையும் விழும் திசையும் போல. மின்னோட்டத்தின் இயல்பு பற்றிய கருத்துப் பின்னாளில் மாறினாலும் சொல் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே பரடே நேர், எதிர் என்ற குறிப்பைத் தவிர்த்தார்.

தமிழில் செயலை வைத்துப் பெயரிடலாமே எனச் சில நாள் முயன்றேன். பற்றீரியாவிடம் இலத்திரனைப் பெறுவது பெறுவாய், ஒட்சிசனுக்குத் தருவது தருவாய். அழகாகத்தான் இருந்தன. ஆனால் வகுப்பில் உரக்கப் படித்தபோது இரண்டும் முன்னிலை வினைமுற்றாகி, வரம் கொடுப்பதுபோல் ஒலித்தன. பிள்ளைகள் சிரித்துவிட்டனர். புதிய சொல்லைப் பேரவையின் கலைச்சொல் அறிஞர் ஆக்கித் தரும் வரை, இலங்கைப் பாடநூல்கள் காத்துவந்த அனோட்டு, கதோட்டு என்பனவே பிழையற்றவை என்பது என் துணிபு. சுட்டிகளை அவ்வாறே மாற்றி ஒட்டி, சிவப்பு வடத்தைக் கதோட்டுக்கு மாற்றினோம். மீற்றர் கழித்தற் குறியின்றி 0.4 வோல்ட் காட்டியது.