மூச்சின் வழியே வரும் உறக்கம்

குழந்தைக்கு ரண சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறியதும், பெற்றோர் கத்திக்கு அஞ்சுவதைக் காட்டிலும் மயக்க மருந்துக்கே பெரிதும் அஞ்சுகிறார்கள். உறங்கிய குழந்தை விழித்து எழுமா என்னும் கேள்வி, வாய்விட்டுக் கேட்கப்படாவிட்டாலும், நெஞ்சில் நின்று உறுத்துகிறது. அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம் உண்டு, அதைக் குறைப்பதில் பெற்றோரின் பங்கு யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சிறு குழந்தையின் இரத்தக் குழாயைத் தேடி ஊசி ஏற்றுவது எளிதன்று; குழந்தையும் அதற்கு இணங்குவதில்லை. ஆகவே பல சமயங்களில் முகமூடி ஒன்றை மூக்கின்மீதும் வாயின்மீதும் பொருத்தி, பிராணவாயுவுடன் மருந்தின் ஆவியைக் கலந்து சுவாசிக்கச் செய்கிறார்கள். இதற்கு இன்று பெரிதும் பயன்படுவது ஸெவோப்ளூரேன் என்னும் திரவம். இதன் ஆவி தொண்டையைக் கரிப்பதில்லை. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் அது செல்ல, ஓரிரு நிமிஷங்களில் குழந்தை நினைவிழக்கிறது. மருந்தை நிறுத்தினால் அதன் பெரும்பகுதி வந்த வழியே, மூச்சோடு மூச்சாக, வெளியேறிவிடுகிறது. தேவைக்கேற்ப அளவைக் கூட்டவும் குறைக்கவும் இடமளிப்பதே இம்முறையின் சிறப்பு.

உடல் சிறியதாதலின் மருந்தின் செறிவும் குறைவாகவே இருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. பெரியவருக்குச் சுவாசக் காற்றில் ஏறக்குறைய 2 சதவிகித ஸெவோப்ளூரேன் தேவைப்படும் இடத்தில், பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு 3 சதவிகிதத்துக்கும் மேல் தேவைப்படுகிறது. அன்றியும், உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை செலவிடும் பிராணவாயு அதிகம். நுரையீரலில் அதன் இருப்போ குறைவு. சுவாசம் தடைப்பட்டால் பெரியவருக்குக் கிடைக்கும் அவகாசம் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. எனவேதான் மயக்க மருத்துவர் கணமும் அகலாது அருகில் நிற்கிறார்.

இந்த விழிப்பு எளிதில் வந்ததன்று. 1846-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஈதரின் பயன் பலரறிய நிரூபிக்கப்பட்டது. மறு ஆண்டே அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. 1847-இல் எடின்பரோவில் ஸிம்ப்ஸன் குளோரோபாரத்தைப் புகுத்தினார். 1848 ஜனவரியில் இங்கிலாந்தில், கால் நகம் ஒன்றை எடுப்பதற்காக அதைச் சுவாசித்த ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி சில நிமிஷங்களில் இறந்தாள். காரணம் என்ன என்னும் விவாதம் பல்லாண்டு நீடித்தது. நிஜாமின் பொருளுதவியுடன் ஹைதராபாத்தில் 1888-லும் 1889-லும் அமைந்த இரு குழுக்கள், சுவாசத்தைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு நேரே ஆபத்தில்லை என்று முடிவு கூறின. குளோரோபாரம் இதயத்தையே திடீரென நிறுத்தக்கூடும் என்பதை 1911-இல் லெவி நிலைநாட்டினார். இன்று சுவாசம், இதயம், இரத்தத்தின் பிராணவாயு ஆகிய யாவும் கருவிகளால் இடைவிடாது கண்காணிக்கப்படுகின்றன.

மூளை வளர்ச்சி குன்றுமோ என்று ஐயுறுவோரும் உண்டு. ஏழு நாடுகளில் குடலிறக்க சிகிச்சை பெற்ற 722 சிசுக்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2019-இல் முடிவை வெளியிட்டது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே மயக்கத்தால், ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை. நெடுநேர மயக்கமோ பலமுறை மயக்கமோ வேண்டியிருப்பின், மருத்துவரைக் கலந்து பேசுவது நல்லது.

இனிப் பெற்றோரின் கடமை. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடுகிறது. வயிற்றில் உணவிருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கே இடர் விளைக்கலாம். திட உணவுக்கும் பசும்பாலுக்கும் 6 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, தண்ணீருக்கு 2 மணி என்பது பொதுக்கணக்கு. எனினும் மருத்துவர் குறித்த நேரமே இறுதியானது. பசியால் அழுகிறதே என்று இரங்கிப் பாட்டி ஊட்டிய இரண்டு கரண்டிப் பாலை மறைப்பது இரக்கமாகாது. சொல்லிவிட்டால் சிகிச்சை சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. சளி, இருமல், காய்ச்சல், குடும்பத்தில் எவருக்கேனும் மயக்கத்தின்போது நேர்ந்த விபரீதம் ஆகியவற்றையும் ஒளியாமல் கூற வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு கூடுதல் கவனம் தேவை. மருத்துவர் கேட்பது விளங்காமல் தலையசைப்பது ஆபத்து. அவ்விடத்து மொழியை நன்கறிந்த ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். குழந்தை கடைசியாக உண்டது எது, எப்போது என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள். ஸெவோப்ளூரேன் மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் பெற்றோரையும் அறியாது கைகால் உதறி அழுவதுண்டு. அது பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். வீட்டில் தமிழே பேசிப் பழகிய குழந்தை தமிழிலேதான் தண்ணீர் கேட்கும், வலிக்கிறது என்று கூறும். அதைச் செவிலியருக்கு எடுத்துரைக்க, விழிக்கும் வேளையில் தாயோ தந்தையோ அருகிலிருக்க முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பெறுங்கள்.