தட்டை யார் எடுத்து வைப்பது?

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்து உணவங்காடியில் சாப்பிட்டு எழுபவர்களில் பெரும்பாலோர் இன்று தட்டைக் கையோடு எடுத்துப் போகிறார்கள். ஹலால் தட்டுகளுக்கு ஓர் அடுக்கு, மற்றவற்றுக்கு வேறோர் அடுக்கு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை, பிரியாணி எலும்பும் கறிவேப்பிலையும் கசங்கிய டிஷ்யூவும் கிடக்கும் தட்டு மேசையிலேயே காத்திருக்கும். துப்புரவாளர் வந்து சேர்வதற்குள் மைனாவோ புறாவோ முந்திக்கொள்ளும். இந்த மாற்றம் வந்த விதத்தை நாம் கவனிக்க வேண்டும். மனம் திருந்தினால் நடத்தை தானே திருந்தும் என்று நம்பித்தான் வீட்டிலும் வேலையிடத்திலும் அறிவுரை சொல்கிறோம். தேக்காவில் நடந்தது வேறு. முதலில் கை பழகியது, மனம் அதன் பின்னால் வந்தது.

தட்டைத் திருப்பி வைக்கச் சொல்லும் இயக்கம் 2013இலேயே தொடங்கிவிட்டது. சுவரொட்டி ஒட்டினார்கள், அடுக்குகள் வைத்தார்கள், தொண்டூழியர்கள் மேசை மேசையாகப் போய்க் கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் 2020இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தட்டுகளே அடுக்குக்குப் போயின. அந்த ஆண்டு டிசம்பரில்தான் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பெருமைப்பட்ட அதே மக்கள்தான் மேசையை அப்படியே விட்டும் போனார்கள். பிறகு சட்டம் வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களிலும், 2022 ஜனவரி 1 முதல் காப்பிக் கடைகளிலும் உணவுக் கூடங்களிலும் அது நடப்புக்கு வந்தது. முதல் முறை பிடிபட்டால் எழுத்துபூர்வ எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். நடவடிக்கை தொடங்குவதற்கு முந்திய ஆகஸ்டிலேயே மூன்றில் இரண்டு பங்கு தட்டுகள் திரும்பின; தொடங்கியபின் பத்தில் எட்டுக்கு மேல் திரும்பின. ஒருவர்கூட அபராதம் கட்டாதபோதே எண்ணிக்கை இரட்டிப்பானது என்றால், பணம் போகும் என்ற பயத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து தட்டை எடுக்கும்போது, நாம் மட்டும் விட்டுப்போவது கண்ணை உறுத்துகிறது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கார் நிறுத்துமிடத்தில் வண்டிக் கண்ணாடியில் செருகியிருந்த துண்டுத்தாளை, ஏற்கெனவே குப்பை கிடந்த தரையில் போட்டவர்கள் அதிகம். சுத்தமான தரையில் போட்டவர்கள் குறைவு.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. எச்சில் தட்டைத் தொடுவது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக ஊறியது. யார் சாப்பிட்ட இலையை யார் எடுப்பது என்பதில் சாதியும் இருந்தது, ஆண் பெண் பேதமும் இருந்தது. பல வீடுகளில் ஆண்கள் சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிடுவார்கள். அப்படி வளர்ந்தவரும் ஞாயிற்றுக்கிழமை தேக்கா இருக்கும் சிராங்கூன் சாலைக்கு வந்தால், குழம்பு காய்ந்த தட்டைத் தானே சுமந்துபோய் வைக்க வேண்டியிருக்கிறது. அவருடைய மேலாளரும் அதையேதான் செய்கிறார். சமத்துவத்தைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவு கேட்டிருப்போம். எச்சிலைப் பொறுத்தவரை அவை செய்யாததை இந்தப் பத்தடி நடை கொஞ்சமாவது செய்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இதை மறுப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். ‘நாமே எடுத்து வைத்தால் துப்புரவாளர்களின் பிழைப்பு என்னாவது?’ என்பது முதல் கேள்வி. அக்கறையோடு கேட்கப்படுவதுதான். ஆனால் தட்டு அடுக்குக்குப் போன பிறகும் மேசையைத் துடைக்க வேண்டும், அடுக்கைக் காலிசெய்ய வேண்டும், மிச்சத்தைக் கொட்டிப் பாத்திரங்களைப் பிரிக்க வேண்டும். குறைவது, முதிய வயதில் மேசைக்கு மேசை ஓடும் ஓட்டம். அவர்களுடைய வருமானத்தில் அக்கறை இருந்தால் சம்பளத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். 2014 முதல் துப்புரவு நிறுவனங்களின் உரிமத்தோடு இணைக்கப்பட்டிருக்கும் படிப்படியான சம்பள உயர்வுத் திட்டம் அதற்கான வழி. நாம் விட்டுப்போகும் எலும்பால் யாருடைய சம்பளமும் உயர்ந்ததில்லை.

‘பயந்து செய்வது நல்ல குணமாகுமா?’ என்பது இதைவிடக் கனமான கேள்வி. முதல் நாளில் ஆகாது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்களில் மூன்று வேளையும் அதிகாரிகள் நிற்க முடியாது. யாரும் பார்க்காத வேளையிலும் தட்டுகள் அடுக்குக்குப் போகின்றன. பிள்ளைக்குப் பல் துலக்கச் சொல்லித்தருவதும் கண்டிப்பில்தான் தொடங்குகிறது. கண்டிப்பு எந்த அளவில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். இங்கே 2023 மே வரை அதிகாரிகள் முதலில் நினைவூட்டினார்கள், கேட்க மறுத்தவர் மீதுதான் நடவடிக்கை எடுத்தார்கள். தள்ளாத முதியவர்கள், உடற்குறையுள்ளவர்கள், சிறுபிள்ளைகள் மீது நடவடிக்கை இல்லை என்பதையும் தேசிய சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே அறிவித்தது. அவர்களுடைய தட்டை எடுத்து வைக்கும்படி சட்டம் யாரையும் கேட்கவில்லை. அதை எடுத்து வைப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் விருப்பம்.