போர்வீரர்தம் உளப்புண்ணும் ஒரு புதிய சிகிச்சையும்

மார்பிற் பட்ட புண்ணை விழுப்புண் என்றும், முதுகிற் பட்டதனைப் புறப்புண் என்றும் நம் முன்னோர் பிரித்து வழங்கினர். இவ்விரண்டினுள்ளும் அடங்காத புண் ஒன்று உண்டு. அது வீரனது உள்ளத்திற் படுவது. குருதி தோன்றாமையின் அதனைக் கோழைமை என்று பழித்தாரும் பலர். முதல் உலகப்போரில் ஆங்கில வைத்தியர் அதற்கு ‘ஷெல் அதிர்ச்சி’ எனப் பெயரிட்டனர். எடின்பரோ நகரின் அருகே கிரெய்க்லாக்கார்ட் வைத்தியசாலையில், அந்நோயாளரைத் தம் துயரை வாய்விட்டுப் பேசச்செய்தே ஆற்ற முயன்றவர் டாக்டர் ரிவர்ஸ். நம் நீலகிரித் தோடரைக் குறித்து 1906-இல் பெருநூல் வெளியிட்டவரும் அவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

வியத்நாம் போரினின்று மீண்ட அமெரிக்க வீரர் பல்லாண்டு வாதாடிய பின்னரே, 1980-இல், அந்நாட்டு மனோவைத்திய சங்கத்தார் இந்நோயைத் தம் நோய்ப்பட்டியலிற் சேர்த்தனர். பெயர் கிடைத்ததேயன்றித் தக்க மருந்து கிடைத்திலது. இதற்கென்றே வழங்கப்பட்டுவந்த மாத்திரைகளால் நலம்பெறாதார் பலர். 2022-இல் மாத்திரம் அமெரிக்க முன்னாட் படைவீரர் 6,407 பேர் தற்கொலை செய்துகொண்டனர் என அந்நாட்டுப் படைவீரர் நல இலாகாவே கணக்கிட்டுரைத்தது. அத்தனை மரணமும் இந்நோயால் விளைந்தன என்று யாம் கூறோம்; எனினும் அவ்வெண்ணைக் கண்டு வாளாவிருத்தல் கூடுமோ?

1912-இல் ஜெர்மனியில் மெர்க் கம்பெனியார் முதன்முதல் ஆக்கிய எம்.டி.எம்.ஏ. என்னும் பொருளைக்கொண்டு புதிய சிகிச்சையொன்று பரிசோதிக்கப்பட்டது. களியாட்டங்களிலும் அது பரவியமையால் 1985-இல் அமெரிக்க அரசாங்கம் அதனை முற்றும் தடுத்திருந்தது. சிகிச்சை முறையோ களியாட்டத்திற்கு நெடுந்தொலைவிலுள்ளது. பன்முறை உரையாடி ஆயத்தஞ்செய்த பின்னரே மருந்து கொடுப்பர். அன்று ஏறத்தாழ எட்டு மணி நேரம் சிகிச்சையாளர் இருவர் உடனிருப்பர். மாதம் ஒன்றாக இவ்வாறு மூன்று நாட்கள். அவற்றிடையே மீண்டும் உரையாடல். மருந்து அச்சத்தைச் சற்றே தணிக்கின்றது. தணிந்த அப்பொழுதில், அதுகாறும் நினைக்கவும் நடுங்கிய நிகழ்ச்சியை நோயாளி தானே எதிர்நோக்கிப் பேசுகின்றான். ரிவர்ஸ் நாடியதும் இதுவே எனலாம். 2021-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில் 90 பேர் கலந்துகொண்டனர். சிகிச்சை முடிவில், மருந்துண்டாருள் நூற்றுக்கு 67 பேரிடம் அந்நோயின் இலக்கணம் காணப்படவில்லை. போலி மருந்துடன் அதே உரையாடலைப் பெற்றாருள் அங்ஙனம் ஆயினார் 32 பேர்.

ஆயினும் 1924 ஆகஸ்டில் அன்று, 2024 ஆகஸ்டில், விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த நாளில், அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அனுமதி மறுத்து, மற்றுமொரு பெருஞ்சோதனை வேண்டும் என்றது. அதனைக் கொடுமை என்பாருடன் யாம் உடன்படோம். தாம் உண்டது மருந்தோ போலியோ என்பதைப் பெரும்பாலார் எளிதில் உணர்ந்துவிடுவர். அவ்வழி நம்பிக்கையால் வந்த நலனையும் மருந்தால் வந்த நலனையும் பிரித்தறிதல் அரிது. முந்தைய சோதனையொன்றில் சிகிச்சையாளர் நோயாளியிடம் நெறிதவறி நடந்ததும் உண்டு. மயங்கிய நிலையிலுள்ளாரைக் காக்கும் கடமை சிறிதன்று.

எம் வழக்கு வேறு. சோதனை வேண்டுமெனின் அதன் செலவு யாருடையது? நூறாண்டு கடந்த பழம்பொருளிற் பெரிய மருந்துக் கம்பெனியார்க்கு ஆதாயம் குறைவு. போருக்கு அனுப்பிய அரசாங்கமே பொறுப்பேற்றல் முறை. குற்றுயிராய்க் கிடந்தவனுக்குக் காயங்கட்டிய சமாரியன், சத்திரக்காரன் கையிற் பணமும் கொடுத்தன்றோ சென்றான்! அரசாங்கம் தாழ்த்தமையால், கைப்பொருளோ பிறர் கொடையோ உள்ள வீரர் சிலர் மெக்ஸிகோ சென்று ஐபோகெயின் என்னும் வேறொரு மருந்தை உண்டனர். அஃது இதயத்துடிப்பைக் கெடுக்கவல்லது. இல்லாதவர் வீட்டிலேயே இருந்தனர்.

சில கதவுகள் திறந்துள்ளன. டெக்ஸாஸ் இராஜ்யத்தார் 2025-இல் ஐபோகெயின் ஆராய்ச்சிக்கென ஐந்து கோடி டாலர் ஒதுக்கினர். 2024 டிசம்பரில் படைவீரர் நல இலாகா, 1960-களுக்குப்பின் முதன்முறையாக, இத்தகைய சிகிச்சையாராய்ச்சிக்குத் தானே பொருளுதவ முன்வந்தது. தொகை ஏறத்தாழ பதினைந்து இலட்சம் டாலர், இடம் பிராவிடென்ஸ், வெஸ்ட் ஹேவன் என்னும் இரண்டு நகரங்கள். ஒரு நோயாளிக்கு இரு சிகிச்சையாளர் நாள்முழுதும் வேண்டப்படும் முறையில் இது எத்துணை பேருக்கு எட்டும்? அவ்விரு நகரங்களுக்கும் ஆயிரம் மைல் அப்பால் உறக்கமின்றி இருப்பவனுக்கும் அருகிலுள்ள படைவீரர் வைத்தியசாலையிலேயே, பணமின்றி, தக்க கண்காணிப்புடன், இச்சோதனையிற் சேர இடம் வேண்டும் என்பதே எம் கோரிக்கை.