வீட்டுக்கு ஒரு ஜாக்கி: எதை வாங்குவது?

உங்கள் இல்லத்தில் கார் இருக்கிறதா? அப்படியானால் இந்த இதழைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, காரின் டிக்கியைத் திறந்து, விரிப்பை விலக்கி, ஸ்டெப்னிச் சக்கரம் கிடக்கும் பள்ளத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பலருக்கு அங்கே துருவேறிய ஒரு கத்தரி ஜாக்கி காத்திருக்கும். பழைய கார் வாங்கியவர்கள் சிலருக்கு அதுவும் இராது. புதிய கார் வாங்கியவர்களுக்கோ ஸ்டெப்னியே இல்லாமற்போகலாம். ட்யூப்லெஸ் டயரும், டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் அமைப்பும், பஞ்சர் அடைக்கும் சாதனமும் இருந்தால் உதிரிச் சக்கரம் கட்டாயமில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 2020 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டன. ஸ்டெப்னி இல்லாத காரில் ஜாக்கியும் பெரும்பாலும் இருப்பதில்லை.

‘ஸ்டெப்னி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வேல்ஸ் நாட்டின் லானெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் 1904 ஆம் ஆண்டுவாக்கில் உதிரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்தது. ஆங்கிலேயர் தம் நாட்டில் அச்சொல்லை ஏறத்தாழக் கைவிட்டுவிட்டார்கள். சென்னையின் பஞ்சர் கடைகள் அதை இன்றளவும் காப்பாற்றி வருகின்றன.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் கூப்பிடு தூரத்தில் பஞ்சர் கடை இருக்கும்போது வீட்டில் எதற்கு ஜாக்கி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடைக்காரர் இரவு பதினொரு மணிக்குக் கதவடைத்துவிட்டுப் போய்விடுவார். குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் உழைத்துக்கொண்டிருக்க, பிள்ளைகளைப் பள்ளிக்கும் மாமனாரை மருத்துவமனைக்கும் தாமே காரோட்டி அழைத்துச் செல்லும் சகோதரிகள் இன்று நம்மிடையே ஏராளம். அவர்கள் எல்லாச் சமயங்களிலும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. சக்கரம் மாற்றுவது, முன் பின் டயர்களை இடம் மாற்றிப் போடுவது, பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது, மழைக்காலம் முடிந்ததும் சக்கரக் குழிகளில் அப்பியிருக்கும் சேற்றைக் கழுவுவது ஆகியவை வீட்டிலேயே செய்யத்தக்க வேலைகள். இஞ்சின் ஆயில் மாற்றுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வடித்த கறுப்பு ஆயிலைக் கொண்டுபோய்க் கொட்ட நமக்கு முறையான இடம் ஏது? கடைசியில் அது மழைநீர்க் கால்வாய் வழியாக அடையாற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோதான் போய்ச் சேரும்.

இனி ஜாக்கியின் வகைகளைப் பார்ப்போம்.

காருடன் வரும் கத்தரி ஜாக்கி ஒரு திருகாணியால் இயங்குவது. திருகைச் சுற்றச் சுற்ற இரு புறத்துக் கைகளும் நெருங்கி மேலெழும்பும். இதில் ஒரு பெரும் நன்மை உண்டு. சுற்றுவதை நிறுத்தினால் திருகின் உராய்வே அதை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும், தானாக இறங்காது. காரின் அடிவிளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு இடையே ஜாக்கி பொருந்த வேண்டிய இடத்துக்கு ஏற்றாற்போல இதன் தலையில் பள்ளமும் இருக்கும். குறை என்னவென்றால், தாழ்ந்திருக்கும் நிலையில்தான் இதைச் சுற்றுவது மிகக் கடினம். கைகள் ஏறத்தாழப் படுத்துக் கிடக்கும்போது திருகின் விசையில் பெரும்பகுதி பக்கவாட்டிலேயே செலவாகிவிடுகிறது. மேல்நோக்கிச் செல்வது குறைவு. கிரீஸ் காணாத திருகு என்றால் கேட்கவே வேண்டாம். அடிப்பாகமும் குறுகியது. ஆகவே வழியில் சக்கரம் மாற்றுவதற்கு இது போதும். அதற்கு மேல் எதையும் இதனிடம் எதிர்பார்க்கலாகாது.

அடுத்தது பாட்டில் ஜாக்கி. லாரி ஓட்டுநர்கள் வைத்திருப்பார்களே, நிமிர்ந்து நிற்கும் உருளை வடிவத்தது, அதுதான். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அவ்வழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்தார். அந்த விதியைக் கொண்டு 1795 இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா நீர்ம அழுத்த இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். உங்கள் பாட்டில் ஜாக்கி அதன் பேரப்பிள்ளை. கலைப் பாடம் படித்த எனக்கே விளங்கும் கணக்கு இது: அடிக்கும் பிஸ்டன் 1 செ.மீ. குறுக்களவும் தூக்கும் பிஸ்டன் 3 செ.மீ. குறுக்களவும் உடையனவென்றால், பரப்பில் ஒன்றுக்கு ஒன்பது. கைப்பிடியின் நெம்புகோல் வலிமை பதினைந்து மடங்கு என்று கொண்டால், மொத்தம் 135 மடங்கு. 400 கிலோ பாரத்தைத் தூக்க உங்கள் கை கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 3 கிலோ விசைதான். ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. அடிக்கும் பிஸ்டன் 2 செ.மீ. இறங்கினால் கார் எழும்புவது 2 மில்லி மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பொறுமையாகப் பல முறை அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய அம்பாசிடர் காருக்கு இந்தப் பாட்டில் ஜாக்கி நன்கு பொருந்தியது. பட்டை வில்லின் மேல் அமர்ந்த அதன் கனத்த பின் அச்சின் கீழ் இதை நிறுத்தினால் அசையாமல் நிற்கும். இன்றைய சிறிய கார்களில் அப்படிப்பட்ட அச்சு முன்புறத்தில் இல்லை. அடிவிளிம்புத் தகட்டின் கீழ் இதன் சிறிய இரும்புத் தலையை வைத்தால் தகடு மடங்கிவிடும். அத்துடன் 2 டன் பாட்டில் ஜாக்கிகள் பலவற்றின் குறைந்த உயரமே 15 முதல் 18 செ.மீ. வரை. டயரில் காற்று இறங்கிக் கார் தரையோடு அமர்ந்துவிட்டால் அதன் கீழ் இது நுழையவே நுழையாது.

மூன்றாவது, சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி. பணிமனைகளில் நீண்ட கைப்பிடியுடன் காருக்கடியில் தள்ளுவார்களே, அதன் சிறிய வடிவம் வீடுகளுக்கென்றே கிடைக்கிறது. அடிப்பாகம் அகலம், தலை வட்டமாகவும் பெரிதாகவும் இருக்கும், குறைந்த உயரம் சுமார் 13, 14 செ.மீ. ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துச் சமதளத்தில் வேலை செய்யும் வீட்டுக்கு இதுவே ஏற்றது என்பது என் முடிவு. விலை பாட்டில் ஜாக்கியைக் காட்டிலும் கூடுதல், எடையும் கூடுதல். அடுக்ககங்களில் வாழ்வோர் ஏன் ஆளுக்கொன்று வாங்க வேண்டும்? எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு டிராலி ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டுகளும் வாங்கிக் காவலாளி அறையில் வைத்தால் செலவு யாருக்கும் சுமையாகாது. அண்டை வீட்டாரிடம் இரவல் கேட்டு, திருப்பிக் கொடுக்க மறந்து, அதனால் ஏற்படும் மனக்கசப்பும் மிச்சம்.

எத்தனை டன் தாங்கும் ஜாக்கி வேண்டும்? காரின் பதிவுச் சான்றிதழில் அதன் வெற்று எடை குறிக்கப்பட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். சிறிய கார்கள் பெரும்பாலும் ஒரு டன்னுக்கு உட்பட்டவை. ஒரு மூலையை மட்டும் தூக்கும்போது ஜாக்கி சுமப்பது மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். இஞ்சின் இருக்கும் முன்புறத்தில் சற்றுக் கூடும். ஆகவே 2 டன் ஜாக்கி தாராளம். ஏழு பேர் அமரும் பெரிய வண்டிக்கு 3 டன் வாங்கலாம். டன் கணக்கைவிட நான் வற்புறுத்துவது உயரக் கணக்கைத்தான். அளவு நாடாவால் தரையிலிருந்து தூக்கும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். காற்றிறங்கிய டயருக்காக அதில் 5 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள், ஜாக்கியின் குறைந்த உயரம் அதற்குள் அடங்க வேண்டும். அளந்த உயரத்துடன் 15 செ.மீ. கூட்டினால் வருவதை ஜாக்கி எட்டவும் வேண்டும். ஏனெனில் முதலில் ஸ்பிரிங்குதான் நீளும்; சக்கரம் பிறகுதான் தரையை விட்டு எழும்பும்.

இவ்வளவும் சொன்னது ஒரு எச்சரிக்கைக்கு முன்னுரையாகத்தான். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டுமே. தாங்கி நிற்பதற்கு அன்று. பாட்டிலாயினும் டிராலியாயினும் அதனுள் ஆயிலைத் தடுத்து வைத்திருப்பது ஒரு சிறிய ரப்பர் வளையம். அது தேய்ந்திருந்தால் கார் மெல்ல இறங்கும். கிழிந்தால் சட்டென்று விழும். அதன் கீழே கிடக்கும் மனிதருக்கு உருண்டு வெளியேற நேரம் இராது. ஆகவே காரின் அடியில் கையையோ தலையையோ நுழைக்கும் எந்த வேலைக்கும் முக்காலி வடிவில் விற்கும் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கும் இடத்துக்கு அருகே கொடுத்து, காரை அதன்மேல் அமர்த்திய பின்னரே தொட வேண்டும். சிலர் செங்கல்லையும் சிமென்ட் கட்டையையும் அடுக்குகிறார்கள். அவை பாரத்தில் எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்க வைப்பது நல்ல பழக்கம். எல்லாம் கைவிட்டாலும் அது கடைசித் தடையாக நிற்கும். நீங்கள் அழைத்து வரும் மெக்கானிக் பையன் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் புகுந்தால், ‘அவர் தொழில் அவருக்குத் தெரியும்’ என்று இருந்துவிடாதீர்கள். வெளியே வரச் சொல்லி ஸ்டாண்டைக் கொடுங்கள்.

கார் உருளாமல் நிற்பதைப் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. கியரில் போட்டுவிட்டோம், இனி நகராது என்கிறார்கள். முன்சக்கரங்களால் ஓடும் காரில் கியர் பிடித்து வைப்பது அந்த முன்சக்கரங்களைத்தான். அவற்றுள் ஒன்று தரையை விட்டு எழும்பியதும், இரண்டையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுதந்திரமாகச் சுழலவிடுகிறது. தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்தின் பிடிப்பும் போய்விடுகிறது. ஆட்டோமேட்டிக் கார்களின் ‘பி’ நிலைக்கும் இதே கதிதான். ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் அதன் பிடிப்பு பாதியாகிவிடும். எனவே கியர், ஹேண்ட்பிரேக் இரண்டும் போட்டு, தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பானரில் ஏறி மிதித்தால் கார் ஆடும். காருக்குள் எவரும் அமர்ந்திருக்கலாகாது, உறங்கும் குழந்தை உட்பட.

நம் நகரத்துத் தரையையும் கவனிக்க வேண்டும். அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் இப்போது பெரும்பாலும் சிமென்ட் கற்களை மணலின்மேல் பதித்திருக்கிறார்கள். ஜாக்கியின் சிறிய அடிப்பாகம் ஒரே கல்லின்மேல் அமர்ந்தால் கல் ஒரு பக்கம் அமிழ்ந்து ஜாக்கி சாயும். ஓரடிச் சதுரமான கனத்த பலகை ஒன்றைக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றால் காரின் அடிவிளிம்பே துருவேறி இற்றிருக்கலாம். தட்டிப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள். 2023, 2024 மழைகளின்போது வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் அல்லவா? வெள்ளத்துக்குத் தப்ப அது நல்ல இடம். சரிவில் ஜாக்கி போட அது இடமே அன்று. சமதளத்துக்கு மெல்ல உருட்டிச் செல்லுங்கள். டயர் போனாலும் போகட்டும்.

வாங்குவது எங்கே? அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிப் பாகக் கடைகள் வரிசையாக உள்ளன. கூவத்தின் கரையில் உள்ள புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்த பாகங்கள் கிடைக்கும். உங்கள் காரின் மாதிரிக்குரிய கத்தரி ஜாக்கி தொலைந்துபோயிருந்தால் புதுப்பேட்டையில் தேடுவதில் தவறில்லை. திருகு நேராக இருக்கிறதா, மரைகள் தேயாமல் இருக்கின்றனவா, மூட்டுகளில் ஆட்டம் உண்டா என்று பார்த்தால் போதும். ஆயிலால் இயங்கும் ஜாக்கியைப் பழையதாக வாங்காதீர்கள். அதன் ரப்பர் வளையத்தின் வயதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. புதியதையும் சோதித்தே வாங்கலாம். கடைவாசலில் நிற்கும் உங்கள் காரின் ஒரு மூலையைத் தூக்கச் சொல்லுங்கள். தரைக்கும் விளிம்புக்கும் இடையே அளந்துவிட்டு, ஒரு தேநீர் அருந்தி வந்து மீண்டும் அளங்கள். அளவு குறைந்திருந்தால் அந்த ஜாக்கி வேண்டாம். இதற்கு முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் வாங்காமல் இருப்பதே நலம்.

பராமரிப்பு அதிகமில்லை. ஆயில் குறைந்தால் ஜாக்கிக்குரிய ஹைட்ராலிக் ஆயிலையே ஊற்ற வேண்டும்; பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வளையம் ஊறிக் கெட்டுவிடும். பாட்டில் ஜாக்கியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் கார்கள் மூழ்கினவே, அது போன்ற வெள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் தாழ்ந்த இடங்களுள் ஒன்று அந்த ஸ்டெப்னிப் பள்ளம். இருக்கையைக் காயவைக்கும் நாம் ஜாக்கியை மறந்துவிடுகிறோம்.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு விடுமுறை நாள் காலையில், கார் ஓட்டும் மகளையோ மருமகளையோ அருகில் வைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, வீல் ஸ்பானர் நட்டுக்குப் பொருந்துகிறதா, அலாய் சக்கரத்துக்குத் திருட்டுத் தடுப்பு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி எந்த அலமாரியில் கிடக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும்.