வெள்ளரிக்காய் மேல் விழுந்த பழி

2011 மே மாதம், மூன்றாவது வாரம். ஜெர்மனியின் வடக்கே ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனைகளுக்கு இரத்தப் பேதியோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பேதி அடங்கியது என்று வீட்டார் நிம்மதி அடைந்த நேரத்தில் சிலருக்குச் சிறுநீரகம் கைவிட்டது. சிறுநீரகம்வரை போகும் இந்த வகைப் பேதி வழக்கமாகச் சின்னக் குழந்தைகளைத்தான் பிடிக்கும். இந்த முறை படுத்துக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள்; அதிலும் மூன்றில் இரண்டு பேர் பெண்கள். ஏதோ பச்சைக் காய்கறியில்தான் கோளாறு என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள்.

மே 26 அன்று ஹாம்பர்க் சுகாதாரத் துறை குற்றவாளியை அறிவித்தது: ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய். சந்தையில் எடுத்த காய்களில் நோய் தரும் ஈ-கோலை பாக்டீரியா இருந்தது. அவ்வளவுதான், ஐரோப்பா முழுக்க வெள்ளரிக்காயைத் தொட ஆள் இல்லை. ஸ்பெயின் விவசாயிகள் விளைந்ததைக் கொட்டி அழித்தார்கள். ரஷ்யா ஐரோப்பியக் காய்கறிகளுக்கு மொத்தமாகத் தடை போட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் அடுத்த அறிவிப்பு வந்தது. காயில் இருந்தது ஈ-கோலைதான். நோயாளிகளின் குடலில் இருந்ததும் ஈ-கோலைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பாக்டீரியாவை வகைப்படுத்துவது ஆய்வகத்துக்குள்ளே நடக்கும் பட்டியல் வேலை என்று நினைப்பவர்கள், அந்த மாதம் லாரி லாரியாகக் காயைக் கொட்டிய ஸ்பெயின் விவசாயியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஈ-கோலை என்று சொன்னால் உண்மையில் மிகக் குறைவாகவே சொல்கிறோம். 1885-இல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டெடுத்தது இது. உங்கள் குடலிலும் என் குடலிலும் இப்போதும் இருக்கிறது. பெரும்பாலும் நமக்குத் தொந்தரவு இல்லாமல். சில கூட்டங்கள் மட்டும் விஷம் கக்கும். அவற்றைப் பிரித்தறியப் பல்லாண்டுகளாகக் கையாண்ட முறை, மேலே போட்டிருக்கும் சட்டையைப் பார்ப்பது. பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலிக்கு ஓ எண், நீந்த உதவும் சாட்டை இழைக்கு ஹெச் எண். குறிப்பிட்ட எதிர்ப்பொருள் கலந்த துளியோடு சேர்த்தால் பாக்டீரியா திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். எந்தத் துளியில் கட்டுகிறதோ அந்த எண். ஹாம்பர்க் நோயாளிகளிடம் கிடைத்தது ஓ104:ஹெச்4. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் பேர்பெற்ற ஓ157:ஹெச்7 இல்லை. இந்தச் சட்டையோடு ஒருவன் இப்படி ஒரு ஊரையே சாய்ப்பான் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

சட்டை போதாது, உள்ளே இருக்கும் முழு எழுத்தையும் படிக்க வேண்டும் என்று ஹாம்பர்க்-எப்பன்டார்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனையும் சீனாவின் ஷென்சென் நகரத்து பி.ஜி.ஐ. நிறுவனமும் கைகோத்தன. படிப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நோயாளியின் மலத்தைத் தட்டில் வளர்த்தால் புள்ளி புள்ளியாகக் காலனிகள் முளைக்கும். ஒரு காலனி என்பது ஒரே பாக்டீரியாவின் கோடிக்கணக்கான வாரிசுகள். அதில் ஒன்றைக் கம்பியால் தொட்டெடுத்து, செல்லை உடைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, துண்டு துண்டாக நறுக்குவார்கள். அப்போது புதிதாக வந்திருந்த அயன் டொரண்ட் இயந்திரத்தில் இந்தத் துண்டுகள் ஒரு சிலிக்கான் சில்லின் நுண்குழிகளில் போய் உட்காரும். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே பாய்ச்சுவார்கள். பொருத்தமான எழுத்து வந்து ஒட்டும்போது ஒரு ஹைட்ரஜன் அயனி வெளியேறும். குழியில் அமிலத்தன்மை இம்மியளவு கூடும். அதைச் சில்லு உணர்ந்து எழுத்தைக் குறித்துக்கொள்ளும். சாயமும் இல்லை, கேமராவும் இல்லை. புளிப்பை அளந்தே பிறப்புக் குறிப்பை வாசித்துவிடுகிறது. ஒரு வாசிப்பில் கிடைப்பது ஏறத்தாழ நூறு எழுத்துதான். லட்சக்கணக்கான துண்டுகளின் ஓரங்கள் எங்கெங்கே ஒத்துப்போகின்றன என்று கணினி பார்த்துப் பார்த்துக் கோக்கும்போது, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட முழுத்தொகுப்பு உருவாகும்.

மூன்றே நாளில் இந்த வாசிப்பு முடிந்தது. ஜூன் 2 அன்று பி.ஜி.ஐ. அதை அப்படியே இணையத்தில் போட்டது. காப்புரிமை, ஆய்விதழ், அனுமதி என்று எதற்கும் காத்திருக்கவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வேறொருவர் துண்டுகளைக் கோத்து முடித்திருந்தார். ஒரு வாரத்துக்குள் பல நாட்டு ஆய்வாளர்கள் இரண்டு டசன் அறிக்கைகளை ஒரு பொதுத்தளத்தில் எழுதிவிட்டார்கள். அறிவியலில் இவ்வளவு பெருந்தன்மை அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை.

கிடைத்த விடை வினோதமானது. ஹாம்பர்க் பாக்டீரியாவின் நெருங்கிய உறவு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் முன்பு ஒரு நோயாளியிடம் கிடைத்த ஒரு வகை. குடல் சுவரில் செங்கல் அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு நாள்பட்ட பேதி தருவது அதன் குணம், சிறுநீரகத்தைத் தொடாது. ஆனால் ஹாம்பர்க் வகைக்குள் ஒரு வைரஸ் நுழைந்து குடியேறியிருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஷிகா நச்சின் மரபணுவைச் சுமந்து வந்தது அந்த வைரஸ்தான். போதாக்குறைக்குப் பல ஆன்டிபயாடிக் மருந்துகளை உடைத்துப்போடும் மரபணு ஒரு தனி டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. ஒட்டிக்கொள்ளும் திறமை ஒரு வழியில், விஷம் இன்னொரு வழியில், மருந்துக்கு அடங்காத குணம் மூன்றாவது வழியில். கடைசிக் கணக்கில் ஜெர்மனியில் 3,816 பேர் நோயுற்றார்கள். 845 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. 54 பேர் இறந்தார்கள்.

பாக்டீரியா வகைப்பாட்டின் தலைவலியே இதுதான். நமக்குப் பெற்றோரிடமிருந்து மட்டுமே மரபணு வரும். பாக்டீரியாவுக்குப் பக்கத்தில் இருப்பவனிடமிருந்தும் வரும்.

இந்தத் துறையில் முதல் பெரிய உலுக்கலைக் கொடுத்தவர் கார்ல் ஊஸ். அதுவரை வடிவம், கிராம் சாயம் ஏற்கிறதா, எந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கிறது என்பவற்றை வைத்தே உறவு சொன்னார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஊஸ், புரதம் கட்டும் ரைபோசோமில் உள்ள ஓர் ஆர்.என்.ஏ.வைக் கதிரியக்கப் பாஸ்பரஸால் குறியிட்டு, துண்டாக்கி, எக்ஸ்-ரே பிலிமில் விழும் புள்ளிகளை விளக்கொளியில் வைத்து வருடக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தார். 1977-இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் சொன்னது: பாக்டீரியா என்று நாம் அழைக்கும் சிலவற்றுக்குப் பாக்டீரியாவோடு நெருங்கிய உறவே இல்லை, அவை தனிப் பேரரசு. அவற்றுக்குத்தான் பின்னாளில் ஆர்க்கியா என்று பெயர் வந்தது. அன்றிலிருந்து, அந்த ஆர்.என்.ஏ.வுக்கான சுமார் 1,500 எழுத்துள்ள ஒரு மரபணுதான் உலகெங்கும் பாக்டீரியாவின் அடையாள அட்டை. தூரத்து உறவைச் சொல்ல அது நல்ல கருவி. பங்காளிகளைப் பிரிக்கத் தெரியாது. சாதுவான ஈ-கோலையும் கொலைகார ஈ-கோலையும் அதில் ஒன்றுபோலவே தெரியும். 1995-இல் முதன்முதலாக ஒரு பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுப்பும் வாசிக்கப்பட்ட பிறகுதான் வேறு வழி பிறந்தது.

இன்றைய பொது விதி எளிமையானது. இரண்டு பாக்டீரியாக்களின் முழுத்தொகுப்புகளை வரிசைக்கு வரிசை வைத்து ஒப்பிடு. பொதுவான பகுதிகளில் சுமார் 95 சதவீதத்துக்கு மேல் எழுத்து ஒத்துப்போனால் ஒரே சிற்றினம். 2018-இல் சுமார் 90,000 தொகுப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, 95-க்கு மேலே ஒரு குவியல், 83-க்குக் கீழே ஒரு குவியல், நடுவே ஏறக்குறைய வெறுமை என்றே தெரிந்தது. ஆக, இந்தக் கோடு மனிதர்கள் இஷ்டத்துக்குக் கிழித்தது மட்டுமல்ல. இதே அளவுகோலை நம்மிடம் கொண்டுவந்தால் மனிதனும் சிம்பன்சியும் ஒரே இனமாகிவிடுவார்கள். பாக்டீரியா உலகத்தின் அகலம் அப்படி.

இன்னொரு பக்கமும் உண்டு. 2002-இல் மூன்று ஈ-கோலை வகைகளை ஒப்பிட்டார்கள். மூன்றிலும் சேர்த்துக் கண்ட புரதங்களில் மூன்றுக்கும் பொதுவானவை 39 சதவீதம்தான். பெயர் ஒன்று, பாதிக்கும் மேற்பட்ட சரக்கு வேறு. சிற்றினத்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கும் பரிசோதனை அறிக்கை ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பெயர் வேறாக இருந்தும் இனம் ஒன்றாக இருப்பதும் உண்டு. ஷிகெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்டுப் பலர் படுத்து, ஒரு மாணவி இறந்தபோது நம் செய்தித்தாள்களிலும் அடிபட்ட பெயர். ஜப்பானிய மருத்துவர் கியோஷி ஷிகா 1897-இல் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ஹாம்பர்க் நச்சின் பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான். ஆனால் எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் ஷிகெல்லா தனிப் பேரினம் இல்லை. தனிச் சிற்றினம்கூட இல்லை. ஈ-கோலையின் கிளைகளுக்குள்ளேதான் அது உட்கார்ந்திருக்கிறது, அதுவும் ஒரே இடத்தில் இல்லை. வகைப்பாட்டு நியாயப்படி அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை. ‘ஷிகெல்லா’ என்று அறிக்கையில் பார்த்தால் மருத்துவர் எச்சரிக்கையாவார். ‘ஈ-கோலை’ என்று பார்த்தால் அலட்சியமாக விடக்கூடும். பெயரைக் காப்பாற்றியது சரி என்பதே என் கட்சி.

எல்லா இடத்திலும் இப்படி விட்டுக்கொடுக்கவில்லை. 2020-இல் லாக்டோபேசில்லஸ் என்ற ஒரே பேரினத்தை முழுத்தொகுப்பு ஒப்பீட்டின்படி 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். தயிரிலும் இட்லி மாவிலும் புளிப்பேற்றும் கூட்டத்தில் பலருக்கு நாக்கு சுளுக்கும் புதுப் பெயர்கள். மாவு என்னவோ பழையபடிதான் பொங்குகிறது.

சட்டையை நம்பி ஏமாறுவதற்குச் சென்னையே ஒரு சாட்சி. 1992-இன் பிற்பகுதியில் அன்றைய மெட்ராஸில் காலரா வந்தது. காலரா கிருமியை அடையாளம் காண அதுவரை இருந்த 138 வகை எதிர்ப்பொருள் துளிகளில் எதிலும் அது கட்டிக்கொள்ளவில்லை. அதற்கு ஓ139 என்று புது எண் கொடுத்தார்கள். ஏற்கெனவே காலரா கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது தாக்கியது. கல்கத்தா, வங்கதேசம் என்று சில மாதங்களில் பரவியது. எட்டாவது உலகக் காலராக் கொள்ளைநோயின் தொடக்கம் இது என்று பயந்தார்கள். பின்னாளில் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது தெரிந்தது: 1961 முதல் உலகைச் சுற்றிவரும் எல் டோர் கிருமியின் பரம்பரைதான் அது. முக்கியமாக, வெளிச்சுவரைக் கட்டும் மரபணுக்களை மாற்றிக்கொண்டு வந்திருந்தது.

ஹாம்பர்க்கில் அந்தப் பாக்டீரியா யார், யாருக்குச் சொந்தம், எந்த மருந்து வேலை செய்யாது என்பதெல்லாம் ஜூன் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எந்த உணவில் வந்தது என்று மரபணுத் தொகுப்பு சொல்லவில்லை. அதைச் சொன்னது லூபெக் நகரத்து ஓர் உணவகத்தின் சமையல் குறிப்பு. நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தக்காளி, வெள்ளரி, கீரை என்றார்கள். தட்டின் ஓரத்தில் தூவியிருந்தது யாருக்கும் நினைவில்லை. எனவே ஜெர்மனியின் பொதுச் சுகாதார அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனத்தார் ஆர்டர் விவரங்களை எடுத்துக்கொண்டு சமையல்காரரிடம் போனார்கள். எந்தத் தட்டில் என்னென்ன எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டார்கள். அங்கே சாப்பிட்ட 10 குழுக்களைச் சேர்ந்த 152 பேரில் 31 பேர் நோயுற்றிருந்தார்கள். அந்த 31 பேரின் தட்டிலும் முளைகட்டிய பயறு இருந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 14 மடங்கு.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் பீனன்பூட்டல் என்ற ஊரின் முளைப்பயறுப் பண்ணை. அங்கிருந்து, எகிப்திலிருந்து 2009 கடைசியில் வந்த வெந்தயம். ஜூன் மாதம் பிரான்சின் போர்தோ அருகே சிலர் இதே நோயில் விழுந்தபோது, அவர்கள் சாப்பிட்ட முளைகட்டிய வெந்தயமும் அதே 15 டன் சரக்கில் வந்தது என்று ஏற்றுமதிச் சீட்டுகள் காட்டின. இரண்டு நாட்டுக் கிருமிகளின் எழுத்து வேறுபாடு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தது. இத்தனைக்கும், சோதித்த எந்த வெந்தய விதையிலும் அந்தப் பாக்டீரியா கடைசிவரை கிடைக்கவில்லை. சீட்டும் எழுத்தும் சேர்ந்துதான் வழக்கை முடித்தன.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உணவு நச்சு வழக்குகளில் முழு மரபணு வாசிப்பு இன்று அன்றாட வேலை. இங்கே சென்னை தேனாம்பேட்டையில் மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் கொரோனாவுக்காக 2021-இல் மரபணு வாசிப்புக் கூடம் திறந்தார்கள். இந்த நுட்பம் வைரஸுக்கு மட்டுமானதல்ல. பாக்டீரியாவையும் இதே வழியில் படிக்கலாம். படிக்கக் காலனி வேண்டும். காலனிக்கு நோயாளியின் மாதிரி வேண்டும். இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கிவிட்டு வந்தவரின் மலத்தில் பெரும்பாலும் எதுவும் முளைக்காது. ஷிகா நச்சு கக்கும் வகையாக இருந்துவிட்டால் சில ஆன்டிபயாடிக்குகள் நச்சை இன்னும் கூட்டிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே வீட்டில் யாருக்காவது இரத்தப் பேதி வந்தால், மருந்துக்கடையில் நீங்களே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். மருத்துவரிடம் போய், மருந்து தொடங்கும் முன் மலக் கல்ச்சர் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எந்தக் கடையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும், தட்டின் ஓரத்தில் இருந்தது உட்பட, சொல்லுங்கள். பில் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள்.