வாயில்லா ஜீவனுக்கு நாம் பட்ட கடன்



உங்கள் இல்லத்துக் கூடத்தில், அலமாரியின் மேலோ சன்னலின் ஓரத்திலோ, ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் இருக்கின்றதா? பெருநாள் காசைச் சேர்த்துவைத்துப் பிள்ளைகள் ஆசையோடு வாங்கி வந்த ஆமைக்குஞ்சு அதனுள் கிடக்கின்றதா? வாங்கிய புதிதில் நாளுக்குப் பத்து முறை எட்டிப் பார்த்த பிள்ளைகள் இன்று அதனை மறந்திருப்பார்கள். நீர் கலங்கி நாறும். ஓடு மென்மையாகியிருக்கும். கண்ணிமைகள் வீங்கி மூடியிருக்கும். அந்த ஜீவன் குரைப்பதில்லை, கத்துவதில்லை, பசி என்று வாசலில் வந்து நிற்பதுமில்லை. ஆதலால் அது படும் துன்பம் நம் செவிகளை எட்டுவதே இல்லை.

பூனையைக் கட்டிவைத்த பெண்மணியின் வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒரு பூனையை அடைத்துவைத்து, அது மடியும்வரை உணவும் அளிக்காமல், பூமியில் கிடைப்பதைத் தேடித் தின்னவும் விடாமல் வைத்திருந்தமையால் அவள் நரகத்திற்கு உரியவளானாள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்கள் எடுத்துரைக்கின்றன. சற்றே சிந்தித்துப் பாருங்கள். அவள் அப்பூனையை அடித்தாள் என்றோ வெட்டினாள் என்றோ அங்குக் கூறப்படவில்லை. அடைத்துவைத்தாள், பின்னர் கவனியாது விட்டாள். அதுவே குற்றமாயிற்று. கிண்ணத்துள் கிடக்கும் ஆமைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு இதனின்று வேறானதா?

வளர்ப்பதே பிழை என்று இதற்குப் பொருளன்று. அனஸ் (ரலி) அவர்களின் இளவலான அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சின்னஞ்சிறு பறவையை வளர்த்து வந்தார். அதைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் வாஞ்சையோடு வினவினார்கள். உணவும் நீரும் இடமும் குறைவின்றிக் கொடுப்பவர் வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இந்நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுவர். உரிமை உண்டு; உரிமையோடு கடமையும் உண்டு. அடைத்துவைத்த உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

எந்த ஆமை என்று அறிக

முதலில் உங்கள் கையில் இருப்பது எவ்வகை ஆமை என்பதை அறிந்து கொள்ளுங்கள். முதுகில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் கொண்ட நட்சத்திர ஆமை, நம் ஏரி குளங்களில் வாழும் பாலாமை, காராமை ஆகியவை நம் நாட்டு உயிரினங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வீட்டில் வைத்திருத்தல் குற்றமாகும். இவற்றுள் ஒன்று உங்களிடம் இருப்பின் மருத்துவம் பார்க்க முற்பட வேண்டா, வனத்துறையினரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது கண்களுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உடைய ஆமை. 'ரெட் இயர்டு ஸ்லைடர்' என்று அதனை அழைப்பர். அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையே அதன் தாயகம். விற்கும்போது அது நாணய அளவினதாக இருக்கும். வளர்ந்தபின் ஓடு மட்டுமே ஓர் அடி நீளத்தை நெருங்கக்கூடும். இருபது, முப்பது ஆண்டுகள் உயிர் வாழ வல்லது. கிண்ணத்தில் வளரும் ஜீவனன்று அது. இவ்வுண்மையைச் சொல்லாமல் விற்பதும் கேளாமல் வாங்குவதுமே அதன் துன்பத்தின் தொடக்கம்.

நலிவின் அடையாளங்கள்

ஓட்டை மெல்ல அழுத்திப் பாருங்கள். மிக இளங்குஞ்சின் ஓடு சற்றே வளையும். ஆனால் வளர்ந்த ஆமையின் ஓடு வளைந்தால், சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் கிட்டவில்லை என்பது பொருள். கண்கள் வீங்கி மூடியிருப்பின், அசுத்த நீரும் 'ஏ' வைட்டமின் குறைவும் காரணமாக இருக்கலாம். கண் தெரியாத ஆமை இரையை நாடாது. இரை உண்ணாமையால் கண் மேலும் கெடும். ஓட்டில் குழிகளும் துர்நாற்றமும் காணின், ஓடு அழுகத் தொடங்கியுள்ளது. ஆனால் ஓட்டின் மேற்செதில்கள் கண்ணாடித் தாள்போல மெல்லியதாய் உரிவது வளர்ச்சியின் இயல்பு, அஞ்ச வேண்டா.

வறியவராலும் இயலும்

புறஊதா விளக்கு, வடிகட்டும் பொறி, அயல்நாட்டு உணவு என்று அடுக்கப்படும் பட்டியலைக் கேட்டு மலைத்துப் போகாதீர்கள். குளிர் நாடுகளில் அவை இன்றியமையாதவை. நம் நாட்டிலோ, இறைவன் அள்ளி வழங்கும் வெயில் முற்றத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது. நலிந்த ஆமைக்கு முதல் மருந்து வெப்பம், அடுத்தது நீர், அதன் பின்னரே உணவு. குளிர்ந்த உடலில் ஆமையின் செரிமானம் நடைபெறாது. ஆகவே வந்த அன்றே வாயைத் திறந்து உணவைத் திணித்தல் நன்மையன்று, தீமையே.

ஓர் அகன்ற பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரை ஆமையின் கழுத்தளவுக்கும் குறைவாக ஊற்றி, அரை மணி நேரம் அதில் இருக்கவிடுங்கள். வறண்ட உடல் நீரை ஏற்கும். இதனை முதல் சில நாட்கள் நாள்தோறும் செய்க. நீராமை ஆயினும் அது நுரையீரலால் மூச்சு விடும் உயிர். வலுவிழந்த ஆமையை ஆழமான நீரில் விட்டால், தலையைத் தூக்க இயலாமல் மூழ்கி மடிந்துபோகும். தேறும்வரை ஆழம் குறைவாகவே இருக்கட்டும்.

காலை இளவெயிலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அதனை வையுங்கள். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயில் காட்டுவதால் பயனில்லை. ஓட்டை உறுதியாக்கும் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். திறந்த பாத்திரமே ஏற்றது. பாத்திரத்தின் ஒரு பாதியில் நிழல் கட்டாயம் வேண்டும். ஒதுங்க நிழலின்றி உச்சி வெயிலில் விடப்பட்ட ஆமை சிறிது நேரத்திலேயே மாண்டுவிடும். காகமும் பூனையும் கவ்விச் செல்லாமல் அருகிலேயே அமர்ந்திருங்கள். கையில் தஸ்பீஹ் மணியோடு ஒருவர் அமர்ந்தால் அந்நேரமும் வீணாகாது!

இல்லமும் நீரும்

ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஏறத்தாழ 40 லிட்டர் நீர் என்பது வளர்ப்போர் கொள்ளும் பொதுக் கணக்கு. இரசாயனம் அடைக்கப்படாத பழைய பிளாஸ்டிக் பீப்பாயை நெடுக்காக அறுத்தால் நல்ல தொட்டி கிடைக்கும். இரண்டு செங்கற்களை அடுக்கி, நீரிலிருந்து ஏறிவரச் சாய்வாக ஓர் ஓட்டுத் துண்டையும் வைத்துவிட்டால், உடலை முழுவதும் உலர்த்திக்கொள்ள மேடை ஆயிற்று. அவ்வாறு உலராத ஆமைக்கு ஓட்டழுகல் மீண்டும் மீண்டும் வரும். குழாய் நீரில் குளோரின் வாடை இருப்பின் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து பின்னர் ஊற்றுங்கள். ஆமை உண்ணும் இடத்திலேயே கழிக்கும் இயல்புடையது. எனவே உணவூட்டத் தனிப் பாத்திரம் ஒன்றைப் பயன்படுத்தினால் தொட்டி நீர் விரைவில் கெடாது. வடிகட்டும் பொறி இல்லாதார்க்கு இதுவே சிக்கனமான வழி.

ஓட்டில் அழுகல் சிறிதளவே இருப்பின், பழைய மென்மையான பல் துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவி, பொவிடோன் அயோடின் கரைசலை இளந்தேநீர் நிறம் வரும்வரை நீரில் கலந்து தடவி, உலரவிடுங்கள். சில மணி நேரம் உலர்ந்த இடத்தில் வைத்திருந்து பின்னர் நீரில் விடுக.

உண்ணும் முறை

சோறும் ரொட்டித் துண்டும் ஆமைக்கு உணவல்ல. கடையில் விற்கும் உலர்ந்த இறாலை மட்டுமே கொடுத்து வளர்ப்பதும் தவறு. பல ஆமைகள் நலிந்தமைக்கு அதுவே காரணம். முருங்கைக்கீரை, மெல்லியதாகச் சீவிய காரட், பரங்கிக்காய், மாட்டுத் தீவனமாக வளர்க்கப்படும் அசோலா ஆகியவற்றை நறுக்கி நீரில் இடுங்கள். பசலைக்கீரை சுண்ணாம்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்குமாதலால் அதனைத் தவிருங்கள். வாரத்திற்கு இரண்டொரு முறை முள்ளோடு கூடிய சிறுமீன் துண்டு கொடுக்கலாம். அதில் உப்பும் மசாலையும் அறவே கூடா. குஞ்சுகளுக்கு இறைச்சி உணவு சற்று அதிகமாகவும் வளர்ந்தவற்றிற்குத் தழை உணவு அதிகமாகவும் அமைதல் வேண்டும். குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு ஒன்றுவிட்டு ஒருநாள் போதும்.

சுண்ணாம்புச் சத்துக்கு விலையுயர்ந்த தூள் தேவையில்லை. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். அது கணவாயின் உள்ளோடு. ஒரு துண்டை நீரில் மிதக்கவிட்டால் ஆமை தானே கடித்துத் தின்னும்.

பொறுமை வேண்டும். வீங்கிய கண் திறக்க வாரங்கள் ஆகலாம். மென்மையான ஓடு உறுதிப்பட மாதங்கள் ஆகும். ஆண்டுக்கணக்கில் நாம் இழைத்த பிழை ஒரே நாளில் நேராகுமா?

எப்போது மருத்துவரை நாடுவது?

மூக்கில் குமிழிகள் வருதல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், நீந்தும்போது ஒரு பக்கம் சாய்தல் ஆகியவை நுரையீரல் நோயின் அறிகுறிகள். கண்ணுக்குப் பின்புறம் கட்டி எழுதல், ஓடு பிளந்து குருதி கசிதல், வெப்பமும் நீரும் கொடுத்தும் பல நாட்கள் உண்ணாமை ஆகியவையும் வீட்டு வைத்தியத்திற்கு அடங்கா. அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சென்னையில் இருப்போர் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடலாம். வைட்டமின் ஊசியை நீங்களே போடாதீர்கள். 'ஏ' வைட்டமின் அளவு மிகுந்தால் ஆமையின் தோலே உரிந்துவிடும்.

குடும்பத்தின் நலன்

நலமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். பிள்ளைகளுக்கு இந்நோய் பரவியமையால், 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை வளர்ப்புக்காக விற்பதைத் தடை செய்தது. எனவே தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் கட்டாயம். ஆமைப் பாத்திரத்தைச் சமையலறையில் கழுவ வேண்டா. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடாதிருத்தல் நலம். தூய்மையை ஈமானின் பகுதியாகப் போற்றும் நமக்கு இது கடினமன்று.

விட்டுவிடுதல் விடுதலையாகாது

'நம்மால் இயலவில்லை, குளத்தில் விட்டுவிடலாம்' என்று சிலருக்குத் தோன்றலாம். ஏரி, கிணறு, பள்ளிவாசல் ஹவுள் எதிலும் விடாதீர்கள். இந்த அயல்நாட்டு ஆமையை, உலகிற்கு மிகத் தீங்கான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் சேர்த்துள்ளது. அது நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். ஓர் உயிருக்கு இரங்குவதாக எண்ணிப் பல உயிர்களுக்குத் தீங்கிழைத்தல் இரக்கமாகுமா? இயலாதவர், இடமும் மனமும் உடைய ஒருவரைத் தேடி, அவர் கையில் ஒப்படையுங்கள்.

இத்தனை செய்தும் சில ஆமைகள் பிழைக்கமாட்டா. மனம் தளர வேண்டா. கிணற்றில் இறங்கித் தம் காலணியில் நீர் மொண்டு, தாகித்த நாய்க்குப் புகட்டிய மனிதருக்கு இறைவன் பிழை பொறுத்தான் என்பதும் நபிமொழியே. அவரிடம் வாளியும் இல்லை, கயிறும் இல்லை. இருந்ததைக் கொண்டு செய்தார். நம்மிடமோ முற்றத்து வெயில் இருக்கின்றது. பழைய தொட்டி இருக்கின்றது. ஒரு பிடி முருங்கைக்கீரையும் இருக்கின்றது.

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகளை அருகில் அழைத்து, அந்தக் கிண்ணத்தின் நீரை மாற்றுங்கள். உயிர்கள் அனைத்தின்மீதும் இரக்கம் கொள்ளும் நல்லிதயத்தை வல்ல நாயன் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.