கழித்தலில் வந்த ஸ்டீரியோ

படக்குழாய் டிவி இருந்த காலத்தில், அப்பா சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்த்தாலும் பக்கத்து அறையில் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். காதோரம் ஊசி குத்துவது போல ஒரு மெல்லிய கீச்சொலி. படத்தை வரிவரியாக வரையும் சுற்று நொடிக்கு 15,625 முறை ஓடும்போது அதிலிருந்த மின்மாற்றி நடுங்கி எழுப்பிய ஒலி அது. வயதான காதுகளுக்கு எட்டாது என்பதால் பிடிபட்ட அப்பாவுக்கு எப்படிப் பிடிபட்டோம் என்பதே புரியாது.

அமெரிக்க டிவியில் அந்த எண் 15,734. 1984-இல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் டிவிக்கு ஸ்டீரியோவை அனுமதித்தபோது, பொறியாளர்கள் அந்த எண்ணின் மேலேயே வீட்டைக் கட்டினார்கள். ‘ஸ்டீரியோ வருகிறது’ என்று பெட்டிக்குச் சொல்லும் அடையாள அலை 15,734 ஹெர்ட்ஸில். புதிய ஒலித்தடம் அதன் இரு மடங்கான 31,468-இல். படத்திலிருந்து ஒலிக்குள் கசியும் இரைச்சல் இந்த எண்ணின் மடங்குகளில்தான் வரும். சற்றே தள்ளி வேறு எண்ணை எடுத்திருந்தால், இரண்டும் உரசிப் புதிதாக ஓர் ஊளை பிறந்திருக்கும்.

ஆனால் வீடுகளில் இருந்த கோடிக்கணக்கான பழைய டிவிகளில் ஒரே ஸ்பீக்கர். எதுவும் மாறியதாகவே தெரியாமல் அவை பாட வேண்டும். அதற்கான வழியை எஃப்.எம். வானொலி 1961-லேயே காட்டியிருந்தது. இடது, வலது இரண்டையும் கூட்டிப் பழைய தடத்தில் அனுப்பு; இடதிலிருந்து வலதைக் கழித்துப் புதிய தடத்தில் அனுப்பு. பழைய பெட்டிக்குக் கூட்டல் போதும். புதிய பெட்டி இரண்டையும் மறுபடி கூட்டியும் கழித்தும் இடதையும் வலதையும் பிரித்துக்கொள்ளும். நடுவில் உட்கார்ந்து செய்தி வாசிப்பவரின் குரல் இரு பக்கமும் சமம், கழித்தால் பூஜ்யம். ஆக, மேல்தடத்தில் ஓடுவது அரங்கின் விரிவு மட்டும்.

சங்கடம் என்னவென்றால், டிவியின் ஒலியும் எஃப்.எம். முறையில்தான் போனது; அதில் மேலே போகப் போக இரைச்சலும் ஏறும். கழித்தல் குடியிருப்பதோ மாடியில். ஜெனித் நிறுவனத்தின் அனுப்பும் முறையோடு டிபிஎக்ஸ் நிறுவனத்தின் இரைச்சல் ஒழிப்பு சேர்ந்தது இதற்காகத்தான்: அனுப்பும் இடத்தில் ஒலியை நெருக்கி, வீட்டுப் பெட்டியில் அதே அளவு தளர்த்துவது. நெருக்கியதும் தளர்த்தியதும் இம்மி பிசகினால் கழித்தல் கணக்கு தப்பும். இடப்பக்கத்துக் கிடார் வலப்பக்கத்திலும் கசியும். 1984 ஜூலை 26 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஜானி கார்சனின் ‘டுநைட் ஷோ’ ஸ்டீரியோவில் போனது. என்பிசியின் நியூயார்க் நிலையம் ஒன்றில்தான் அதை அனுப்பும் வசதி இருந்தது.

நிலையத்தின் அலமாரியில் இதையெல்லாம் காவல் காத்தது ஒலிச் செயலி. கலிபோர்னியாவின் ராபர்ட் ஆர்பன் 1975-இல் எஃப்.எம்.முக்காகச் செய்த ஆப்டிமாட், இந்த வகையில் ஒரு திருப்பம். அதுவரை ஒலியின் உச்சத்தை வெட்ட ஒரு பெட்டி, 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டி அடையாள அலைக்கு இடம் விட வேறொரு பெட்டி. வெட்டியதை வடிகட்டினால் உச்சம் மறுபடி துள்ளி எழும். முதல் பெட்டியின் உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். ஆர்பன் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று அறிந்து நடக்கும்படி வைத்தார். டிவிக்கான ஆப்டிமாட்டும் பின்னால் வந்தது.

எந்தச் செயலியாலும் காப்பாற்ற முடியாத தவறும் உண்டு. எங்கோ ஒரு கேபிளில் இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டால் வலது ஒலி தலைகீழாகிவிடும். இப்போது கூட்டலே கழித்தலாகிறது. ஸ்டீரியோ வைத்திருப்பவருக்கு ஏதோ மந்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். ஒற்றை ஸ்பீக்கர் வீட்டிலோ பின்னணி இசை பாடிக்கொண்டிருக்க, கதாநாயகன் வாயை மட்டும் அசைப்பான். நிலையத்தார் ஸ்டீரியோவில் கேட்டுத் திருப்திப்படும்வரை இது கண்ணில் படாது என்பதுதான் வேடிக்கை.

செயலி இன்னொரு வம்பையும் வளர்த்தது. உச்ச அளவு மாறாமல் உள்ளே ஒலியை அடர்த்தியாக நிரப்பலாம் என்று விளம்பரக்காரர்கள் கண்டுகொண்டார்கள். மீட்டரில் எல்லாம் ஒழுங்கு. வீட்டிலோ ரிமோட்டைத் தேடி ஓட வேண்டும். காது உணரும் சத்தத்தை அளக்கும் முறை 2006-இல் சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட பிறகே இதற்குக் கடிவாளம் விழுந்தது. விளம்பரம் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக இருக்கக் கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அதற்குள் அங்கே பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது: 2009 ஜூன் 12. அடையாள அலையும் மாடித்தடமும் அதோடு போயின. புதிதாக வந்த டால்பி டிஜிட்டல் ஒலியோ, இரண்டு தடங்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் இடங்களில் பிட்டுகளை மிச்சம் பிடிக்க இடதையும் வலதையும் விட்டுவிட்டு, அவற்றின் கூட்டலையும் கழித்தலையுமே அனுப்புகிறது.